விருத்தர் வேடமும் வளையல் கடையும்

கிழவர் மேடைக்கு வந்தவுடனே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டார். பஞ்சுத் தாடி, கூன் முதுகு, கையில் ஒரு தடி, அடிக்கு ஒரு இருமல். பரணில் நின்று தினைப்புனம் காக்கும் வள்ளியைப் பார்த்ததும் தடியை நழுவவிடுவார். எடுக்கக் குனிவார், எழ முடியாமல் தவிப்பார், அப்படியே தலையை மட்டும் நிமிர்த்தி அவளைப் பார்த்து இளிப்பார். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்துக்கு வள்ளி திருமணம் போட்ட வருடங்களில் எல்லாம் நான் பார்த்துச் சிரித்த காட்சி இது. பாயில் தூங்கிவிட்ட பிள்ளைகளைக்கூட "விருத்தர் வந்துட்டாரு, எழுந்திரு" என்று தட்டி எழுப்புவார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முருகன் வேடனாக வந்து பார்க்கிறான், வேங்கை மரமாக நின்று பார்க்கிறான், வள்ளி மசியவில்லை. சில ஊர்க் கதைகளில் வளையல் விற்கும் செட்டியாராகவும் வருவான். கடைசியில் கிழவனாக வருகிறான். பசிக்கிறது என்கிறான், அவள் தேனும் தினைமாவும் தருகிறாள். விக்கல் எடுக்கிறது என்கிறான், சுனைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் தருகிறாள். பசி தீர்ந்தது, தாகம் தீர்ந்தது, மூன்றாவதாக மோகம் ஒன்று இருக்கிறதே என்கிறான். சிரிப்பு உச்சத்துக்குப் போகும் இடம் இதுதான். நல்ல நடிகர் என்றால் இந்த மூன்றாவது கோரிக்கையை அரைமணி நேரம் இழுப்பார். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் இருமல் வந்து தடுக்கும்.

முதுமைக் காதலைப் பற்றி நம்மிடம் உள்ள நகைச்சுவை நாடகம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சபா நாடகங்களில் ஜொள்ளு விடும் தாத்தாக்கள் வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் இந்த விருத்தரின் பேரப்பிள்ளைகள்.

இப்போது இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கிழவன் காதலிப்பதைப் பார்த்தா நாம் சிரிக்கிறோம்? அந்தத் தாடிக்குள் இருப்பது இளைஞன் என்று மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவள் வள்ளி ஒருத்திதான். நாம் சிரிப்பது அவளுடைய அறியாமையைப் பார்த்து. ஒரு கிழவனுக்கு ஆசை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நாடகம் கேட்பதே இல்லை. தாடியைக் கழற்றினால் முதுமை தீர்ந்துவிடுகிறது. ஆணின் முதுமை இங்கே ஒரு வேடம், அதுவும் காரியத்துக்காகப் போட்ட வேடம். கிழவர் என்பதால் அவள் பக்கத்தில் விடுகிறாள், கிழவர் என்பதால் சோறு போடுகிறாள், தண்ணீர் தருகிறாள். வயசாளிக்குப் பெண்கள் இயல்பாகச் செய்யும் உபசாரம் அத்தனையும் அவனுக்கு ஏணிப்படி.

வள்ளி மறுக்கிறாள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அழகாக மறுக்கிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணத்தில் அவளுக்கு இருக்கும் தர்க்கம் தமிழ் மேடையில் ஒரு பெண் பாத்திரத்துக்குக் கிடைத்த பெரிய வாய்ப்புகளில் ஒன்று. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் நாரதரையும் வேலனையும் வாயடைக்க வைக்கும் வள்ளிகளுக்காகவே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கூத்து செட்டுகளில் ஆண்தான் வள்ளி வேடம் கட்டுவார். அந்த ஆண் வள்ளிக்கும் வாய் நீளம்தான். ஆனால் இவ்வளவு பேசிய பெண்ணை நாடகம் பேச்சால் வெல்வதில்லை. முருகன் அண்ணனைக் கூப்பிடுகிறான், யானை வருகிறது. எங்கள் ஊரில் கறுப்புக் கம்பளிக்குள் இரண்டு பேர் புகுந்துகொண்டு, முன்னால் இருப்பவர் ஒரு பழைய சைக்கிள் டியூபை ஆட்டுவார். வள்ளி அலறியடித்துக் கிழவன் மார்பில் விழுவாள். காப்பாற்று, நீ சொன்னபடி கேட்கிறேன் என்பாள். நாங்கள் கைதட்டுவோம். முடியாது என்று மூன்று முறை சொன்ன பெண்ணிடம் யானையை விட்டு வாங்கிய சம்மதம் அது என்று எனக்குத் தோன்றியது முப்பது வயதுக்கு மேல்தான்.

அந்தச் சிரிப்பு மேடையோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

என் அப்பாவின் அக்கா எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தார். முப்பத்து நான்கு வயதில் மாமா லாரி விபத்தில் போனபிறகு, பிறந்த வீட்டுக்கு வந்து, நகையை விற்றுப் போட்ட கடை. கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, ஹேர்பின், கவரிங் தோடு. தாலியறுத்தவள் வளையல் விற்பதில் இருக்கும் சங்கடத்தை ஊர் ஒரு தினுசாகச் சமாளித்தது. அன்றாடத்துக்கு அத்தையிடமே வாங்குவார்கள். வளைகாப்புக்கோ கல்யாணத்துக்கோ என்றால் மட்டும், "பாப்பாவ எடுத்துக் குடுக்கச் சொல்லுக்கா" என்பார்கள். பாப்பா என்பது நான். அத்தை எண்ணி வைத்த வளையலை நான் தொட்டுக் கொடுப்பேன். காசை மட்டும் அத்தை கையிலேயே கொடுப்பார்கள். காசுக்குத் தீட்டில்லை.

அந்தக் கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வருவார். மலையிலிருந்து கடுக்காய், தேன், சாமை வாங்கிவந்து கள்ளக்குறிச்சி மண்டியில் போடும் வியாபாரி. மனைவியை இழந்தவர், அறுபதை நெருங்கியவர். வெள்ளிமலையிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேத்திக்கு என்று ரிப்பன் வாங்குவார். ஒரு சிறுமிக்கு அவ்வளவு ரிப்பன் தேவைப்படாது என்பது எங்களுக்கே தெரியும். அத்தை டீ வாங்கிவரச் சொல்வார், இரண்டு பேரும் குடிப்பார்கள். சாமை விலை, மழை, பஸ் தாமதம் இவற்றைத் தவிர வேறெதுவும் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அத்தைக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

ஒரு பங்குனி உத்திரம் முடிந்த மறுவாரம், அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் போன பையன் ஒருவன் இருமிக்காட்டி, "தாகம் தீந்துச்சா தாத்தா? அடுத்து இன்னா?" என்று கத்தினான். தெரு முழுக்கச் சிரித்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் பஸ்ஸை விட்டு இறங்கினாலே யாராவது இருமுவார்கள். பெரியவர்கள் கண்டிக்கவில்லை. பெரியவர்களுக்கு அது வசதியாக இருந்தது. கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். என் அப்பா ஒருநாள் ராத்திரி அத்தையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மறுநாள் கடை வாசலில் பெஞ்ச் இல்லை. அவர் இரண்டு முறை வந்து நின்றபடியே ரிப்பன் வாங்கிப்போனார், பிறகு வரவில்லை. இருமியவர்களில் நானும் ஒருத்தி. பதினொரு வயது எனக்கு. அத்தை கடை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே இருமினேன்.

யானை வரவேண்டிய தேவையே அங்கே இல்லாமல் போனது. ஒரு நகைச்சுவைக் காட்சி போதுமானதாக இருந்தது. நாடகத்தில் தாடிக்குள் இருந்த இளைஞனைக் காப்பாற்றிய சிரிப்பு, தெருவில் தாடி கழற்ற முடியாத ஒரு மனிதரையும் வேடமே போடாத ஒரு பெண்ணையும் பிரித்துவிட்டது. கேலி அவரைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது. ஆனால் பெஞ்ச் போனது அவள் கடையிலிருந்து.

வள்ளிக்கு எதிர்முனையில் நம் மரபில் இன்னொரு பெண் இருக்கிறாள். கதைப்படி அவளுக்கும் கல்யாண ஏற்பாடு நடக்கிறது, அவளும் மறுக்கிறாள், அவள் கதையிலும் பிள்ளையார் வருகிறார். இந்த இளமையும் அழகும் இருக்கும்வரை என்னை விடமாட்டார்கள், எடுத்துக்கொள் என்று அவள் பிள்ளையாரிடம் வேண்டுகிறாள். நரைத்த கிழவியாகி எழுந்து நடக்கிறாள். ஔவையைத்தான் சொல்கிறேன். முருகன் காதலை அடைய முதுமையைப் போட்டுக்கொள்கிறான், ஔவை கல்யாணத்திலிருந்து தப்பிக்க முதுமையைப் போட்டுக்கொள்கிறாள். அவனால் கழற்ற முடிகிறது, அவளால் முடியாது. கழற்றினால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்துவிடுவார்கள். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூருக்கு ஔவையின் கதையில் பெரிய இடம் உண்டு. பாரி மகளிர் அங்கவை, சங்கவையின் திருமணத்தை அவள் அங்கே முன்னின்று நடத்தினாள் என்பார்கள். வீரட்டேசுவரர் கோயிலின் பெரிய யானைக் கணபதி அவளைத் தும்பிக்கையால் தூக்கிக் கைலாயத்தில் சேர்த்தார் என்பதும் அந்த ஊர்க் கதை. ஒரே தும்பிக்கை. மறுத்த இளம்பெண்ணை மாப்பிள்ளையின் கைக்குள் தள்ளுகிறது, கிழவியை உலகத்தைவிட்டே தூக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, ஐம்பது வயதில், இந்தப் பூமியில், டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு பெண்ணுக்கு இடமில்லை.

ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசி முடிப்பவள் ஔவை, தனக்கு மட்டும் பேசிக்கொள்ளாதவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு கல்யாணத் தரகியைப் பார்க்கப் போகிறோம்.

ஔவைகள் பலர் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதியமானோடு அமர்ந்து கள் பகிர்ந்த சங்கப் புலவர் பொக்கைவாய்ப் பாட்டி இல்லை. இன்குலாப் எழுதி அ. மங்கை மேடையேற்றிய 'ஔவை' நாடகம் அந்த இளம் விறலியை நமக்குத் திருப்பித் தந்தது. என் தலைமுறைப் பெண்களுக்கு அது கண்திறப்பு. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை மிச்சமிருக்கிறது. ஔவைக்கு ஆசையைத் திருப்பித்தர இளமையையும் சேர்த்துத் திருப்பித்தர வேண்டியிருக்கிறது. நரையோடும் தடியோடும் ஒருவரைப் பார்த்துப் புன்னகைக்கிற ஔவையை இன்னும் யாரும் எழுதவில்லை.

வள்ளியாகவும் ஔவையாகவும் தமிழர் மனதில் நின்றுவிட்டவர் ஒருவரே. கே.பி. சுந்தராம்பாள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்த நாடகங்களில் வள்ளி திருமணம் பேர்பெற்றது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு 25 வயது. நகைகளைக் கழற்றினார், வெள்ளைப் புடவை கட்டினார், இனி ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். 1935இல் நந்தனார், ஆண் வேடம். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஔவையார். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1973இல் காரைக்கால் அம்மையார். இதில் காரைக்கால் அம்மையார் ஒரு வணிகனின் மனைவி. கணவன் விலகிப்போனபின் அழகைக் களைந்து பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். கல்யாணத்துக்கு வெளியே நிற்கத் தமிழ் மரபு பெண்ணுக்குத் திறந்துவைத்திருக்கும் கதவு ஒவ்வொன்றையும் அந்த மாபெரும் கலைஞர் தன் குரலால் தட்டியிருக்கிறார். ஆண், துறவி, கிழவி, பேய். அது அவரே எடுத்த முடிவு, அதை நான் மதிக்கிறேன். நாம் அதைக் கொண்டாடிய விதம்தான் என்னை உறுத்துகிறது. 25 வயதுப் பெண் தன்னை மூடிக்கொண்டதை ஒரு சமூகமே புல்லரித்துப் பார்த்து, பக்தியாக்கி, தன் வீட்டு விதவைகளுக்கு உதாரணம் காட்டியது. என் பாட்டி அத்தைக்குச் சொன்ன உதாரணமும் அதுதான்.

இப்போது அந்தத் தரகி. நான் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், சிலர் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். சில வருடங்களுக்கு முன் தார்ன்டன் வைல்டரின் 'தி மேட்ச்மேக்கர்' நாடகத்தை வகுப்பில் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தோம். அமெரிக்காவில் யாங்கர்ஸ் என்ற ஊரில் தீவனமும் மளிகையும் விற்கிற பணக்காரக் கடைக்காரர் வாண்டர்கெல்டர், மனைவியை இழந்தவர். நியூயார்க்கில் தொப்பிக் கடை வைத்திருக்கும் விதவை ஐரீன் மலாய் அம்மாளைப் பெண் பார்க்கக் கிளம்புகிறார். நடுவில் தரகு வேலை பார்ப்பவள் டாலி லீவை, அவளும் விதவை. ஊருக்குப் பெண் பார்த்துக் கொடுக்கிறவள் கடைசியில் கடைக்காரரைத் தனக்கே பேசி முடித்துக்கொள்கிறாள். ஔவை செய்யாததை டாலி செய்கிறாள்.

இந்தக் கதைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1835இல் ஜான் ஆக்ஸன்ஃபோர்டு லண்டனில் எழுதிய சின்ன நாடகம், 1842இல் வியன்னாவில் நெஸ்ட்ராய் கையில் பெரிதானது, 1938இல் வைல்டர் அதை எடுத்து 'யாங்கர்ஸ் வணிகர்' என்று எழுதினார், ஓடவில்லை. திருத்தி எழுதி 1954இல் எடின்பரோவில் மேடையேறியபோது ஓடியது. 1964இல் 'ஹலோ, டாலி!' என்ற இசை நாடகமாகி உலகம் சுற்றியது. நெஸ்ட்ராயிடம் டாலி இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அங்கே கதை கடைக்காரரையும், அவருக்குத் தெரியாமல் நகரத்துக்கு ஓடும் கடைப் பையன்களையும் பற்றியது. வைல்டர் உள்ளே கொண்டுவந்த நடுவயது விதவை, வந்த வேகத்தில் நாடகத்தையே தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். 'தி மேட்ச்மேக்கர்' மேடையேறியபோது டாலியாக நடித்த ரூத் கார்டன் அப்போது ஐம்பதைத் தாண்டியவர். இசை நாடகத்தில் டாலியாக வந்த கரோல் சானிங், 1995இல் 74 வயதில் அதே வேடத்தில் மறுபடி பிராட்வேயில் ஏறினார். எந்தத் தாடியையும் யாரும் கழற்றவேண்டியிருக்கவில்லை.

வகுப்பில் பெண்கள் டாலியைவிட ஐரீனிடம்தான் நின்றார்கள். தொப்பிக் கடைக்காரி என்றாலே ஒருமாதிரியானவள் என்று ஊர் நினைக்கிறது, அதனால் தான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஒழுக்கமாக இருக்கவேண்டியிருக்கிறது, உணவகம் போக முடிவதில்லை, நாடகம் பார்க்க முடிவதில்லை, சந்திக்கிற ஆண்கள் எல்லாம் தொப்பிக்கு இறகு விற்க வருகிறவர்கள்தான் என்று அவள் அலுத்துக்கொள்ளும் இடம் வந்தது. கடைசி பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, "மேடம், எங்கம்மா செல் ரீசார்ஜ் கடை வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். 1880களின் நியூயார்க் எங்கள் வகுப்புக்குள் வந்துவிட்டது. ஆணுக்குக் கடை என்றால் அந்தஸ்து. பெண்ணுக்குக் கடை என்றால் தெருவைப் பார்த்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. யாரும் உள்ளே வரலாம், வந்தவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். சிரித்தால்தான் வியாபாரம், சிரித்தால்தான் பேச்சும்.

வாண்டர்கெல்டர் மறுமணத்துக்குச் சொல்லும் காரணமும் அவர்களுக்குப் புரிய விளக்கம் தேவைப்படவில்லை. சம்பளத்துக்கு வைத்த ஆள் வீட்டை ஒழுங்காகப் பார்ப்பதில்லை, எஜமானி என்று பட்டம் கொடுத்து ஒருத்தியை வைத்தால் ஒழுங்காகப் பார்ப்பாள் என்பது அவர் கணக்கு. "கவனிச்சுக்க ஆள் வேணும்" என்று நம் ஊரில் மனைவியை இழந்த ஆண்களுக்கு ஆறு மாதத்தில் பெண் பார்க்கிறார்களே, அதே கணக்கு. விதவைக்கு அந்தக் கவலையை யாரும் படுவதில்லை. அவள் எல்லோரையும் கவனித்துக்கொள்வாள் என்று விட்டுவிடுகிறார்கள்.

டாலி மேடையில் தனியாக நின்று இறந்துபோன கணவனோடு பேசும் இடம் நாடகத்தின் உயிர். அவன் போனபின் மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல், அப்படி இருப்பதுதான் நிம்மதி என்று எண்ணியிருந்ததைச் சொல்கிறாள். பிறகு ஒருநாள் மனிதர்களோடு மறுபடி சேர்ந்துகொள்வது என்று தீர்மானித்ததைச் சொல்கிறாள். சேர்ந்தால் முட்டாள்தனமும் அவமானமும் உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காசுக்காகத்தான் கட்டிக்கொள்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. நகைச்சுவை நாடகத்தில், கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விதவைக்கு இவ்வளவு பேச இடம் இருக்கிறது. சிரிப்பு அவளைச் சுற்றித்தான் நடக்கிறது, ஆனால் முட்டாளாவது கடைக்காரர்.

பாராட்டிவிட்டுக் குறையும் சொல்லவேண்டும். டாலி செத்தவனிடம் விவரம் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவனிடம் போகிறாள். எந்த வாண்டர்கெல்டரும் மேடையில் முதல் மனைவியிடம் அனுமதி கேட்பதில்லை. அவளுடைய சாமர்த்தியம் எல்லாம் ஒரு கஞ்சனின் பெட்டியைத் திறக்கச் செலவாகிறது. ஐரீனோ கடையை ஒரு சிறையாகத்தான் பார்க்கிறாள், கல்யாணம் அவளுக்கு அதிலிருந்து விடுதலை. எங்கள் அத்தை அப்படி நினைத்தவர் இல்லை. கடை இருந்ததால்தான் அவர் அண்ணன் தம்பி வீட்டில் சோற்றுக்குக் காத்திருக்கவில்லை. கடை இருந்ததால்தான் அந்தப் பெஞ்சே இருந்தது.

அந்த வருடம் மகளிர் தினத்துக்கு மாணவிகள் வள்ளி திருமணத்தைத் திருப்பிப்போட்டு இருபது நிமிட நாடகம் போட்டார்கள். மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி வள்ளி. வயதான வள்ளி. தலைக்குப் பஞ்சு, கையில் தடி. எதிரில் தோட்டம் காக்கிற ஒரு தாத்தா. கிழவி வந்து பசிக்கிறது என்றாள், அரங்கம் சிரித்தது. தாகம் என்றாள், இன்னும் சிரித்தது. மூன்றாவதைச் சொன்னதும் அரங்கம் சட்டென்று அடங்கிவிட்டது. யாரோ ஒரு நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது. மேடையில் இருந்த பெண் பயந்துபோய் வசனத்தை மறந்து, தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்து, நல்ல பிள்ளைகள், இதெல்லாம் எதற்கு என்றார். விருத்தரைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவராகத்தான் அவர் இருப்பார்.

சட்டத்தில் தடை இல்லை. விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். தமிழக அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவி தருகிறது. அதில் மணமகன் வயது 40ஐத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. விதவை உதவித்தொகையோ மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். அரசாங்கத்துக்கும் விருத்தர்களின் காதல் ஒரு கேலிதான் போலிருக்கிறது. சினிமா கொஞ்சம் துணிந்திருக்கிறது. 2017இல் வந்த 'ப. பாண்டி'யில் பேரப்பிள்ளைகள் எடுத்த ராஜ்கிரண் முதல் காதலியைத் தேடி மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். தேடிப்போவது அவர். ரேவதி தேடப்படுகிறவர்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒரே வாரத்தில் ஒரே தெருவில் எத்தனை பெண்களின் வளையல் உடைந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அவர்களில் சிலர் இன்று இட்லிக் கடை போட்டிருக்கலாம், பூக்கட்டி விற்கலாம். பத்து வருடம் கழித்து அந்தக் கடைகளில் ஒன்றின் முன்னால் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்து உட்கார்ந்தால், தெருவில் யார் இருமுவார்கள்? இருமுகிறவர்களுக்கு அந்த இருமலைச் சொல்லிக்கொடுத்தது எந்த மேடை என்று எனக்குத் தெரியும். வள்ளி திருமணத்தை நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நாடகம் பிடிக்கும். அந்தத் தர்க்கத்துக்காக இன்றும் கண்விழிப்பேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாடகம் வேண்டும். அதுவும் சிரிப்பு நாடகமாகவே இருக்கவேண்டும். முதிய பெண்ணின் தனிமையைப் பற்றிக் கண்ணீர் நாடகம் எழுத நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, இருமியது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். "தெரியுமே, உன் தொண்ட எனக்குத் தெரியாதா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு ஒண்ணும் கேக்கல பாப்பா. நான்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்ற டாலி கதையைச் சொன்னேன். தரகுக்காரி, தீவனக் கடைக்காரர், தொப்பிக் கடை, ஓடிவந்த பையன்கள், அலமாரிக்குள் ஒளிவது எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை பல்லில்லாத வாயைத் திறந்து நன்றாகச் சிரித்தார். தரகுக்காரி கெட்டிக்காரி என்றார். கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிடுகிறது என்று முடித்தேன்.

"அது சரி, அந்தத் தொப்பிக் கடைய அப்புறம் யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டார்.